பவரு யாருக்கு எழுதுறோம்?

சார் பதிவாளர் ஆபீசு வாசலில் சேரிக்காரர் ஒருவர் நின்றால் அநேகமாக இரண்டில் ஒன்றுதான். யாருக்கோ சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருப்பார். இல்லாவிட்டால் எதையோ எழுதிக் கொடுக்க வந்திருப்பார். எழுதி வாங்க வந்த நம்ம ஆளை அந்த வாசலில் நான் பார்த்தது ரொம்பக் குறைவு.

எங்க அத்தையும் ஒருநாள் அந்த வாசலுக்குப் போச்சு. மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன். கொடுத்தவர் குடியானத் தெருக்காரர், நெல்லுக் கமிஷன் வியாபாரி, ஊரில் நல்ல மனுசன் என்று பேர். கடனுக்கு ஒரு ஜாமீன் பேப்பர் வேணும், வந்து ரேகை மட்டும் வச்சிட்டுப் போ என்றார். வேனில் கூட்டிப்போனார். டீ வாங்கிக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள், கட்டை விரலை அழுத்தினார்கள், சம்மதந்தானே என்று உள்ளே இருந்தவர் கேட்டார், ஆமாங்க என்று அத்தை சொன்னுச்சு. பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்தாச்சு. மூன்றாம் வருசம் குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம். அத்தையோட ஒரு மா நிலத்தில் யாரோ கல் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மா என்றால் 100 குழி, சுமார் 33 சென்ட். நில உச்சவரம்பில் எடுத்த மிச்ச நிலத்திலிருந்து மாமாவுக்கு சர்க்கார் ஒப்படை செய்தது. எங்க குடும்பத்தில் எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு வந்த முதல் மண்.

பத்திரத்தின் நகல் எடுத்து நான்தான் படித்துக் காட்டினேன். விற்கவும், அடமானம் வைக்கவும், கிரயத் தொகை பெற்றுக்கொள்ளவும், கோர்ட்டில் ஆஜராகவும், தனக்குப் பதிலாக வேறொரு முகவரை நியமிக்கவும், இவையெல்லாம் நானே நேரில் இருந்து செய்ததற்குச் சமம் என்றும் ஐந்து பக்கம். 'பொது அதிகார ஆவணம்' என்று தலைப்பு. அத்தை எல்லாவற்றையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு: "எங்கிட்ட அதிகாரம்னு ஒண்ணு இருந்துச்சா? இருந்ததே தெரியாம எப்படிடா தம்பி அதைக் குடுத்தேன்?"

தோழர்களே, அதிகாரத்தில் பங்கு கேட்டு நாம் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறோம். பத்திர ஆபீசில் அதே வார்த்தையை முத்திரைத்தாளில் அடித்து, அதன் கீழே நம்ம சனத்தின் கட்டை விரலை வைத்து, எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. வக்கீல் எழுதவேண்டியதை நீ ஏன் எழுதுகிறாய் என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். வக்கீலிடம் போவதற்கு முன்னாடியே ரேகை விழுந்துவிடுகிறதே, அதற்கு யார் எழுதுவது?

பவர் என்பது தஞ்சாவூர்ச் சீமைக்குப் புதுசு இல்லை. ராஜாவே எழுதிக் கொடுத்த ஊர் இது. 1799 அக்டோபரில் இரண்டாம் சரபோஜி கம்பெனிக்காரனோடு உடன்படிக்கை போட்டார். கோட்டையும் மானியமும் தனக்கு, சீமையின் நிர்வாகம் முழுக்க அவனுக்கு. 1855இல் ஆண் வாரிசு இல்லை என்று சொல்லி மிச்சத்தையும் முடித்துக்கொண்டான். ராஜா இழந்ததற்கு நாம் அழ வேண்டியதில்லை, அந்த ராஜ்ஜியத்தில் நமக்கு ஒரு குழிகூட இருந்ததில்லை. சொல்ல வந்தது வேறு. ஆளுகிறவன் கொடுத்தாலும் சரி, கொடுத்தது திரும்பி வருவதில்லை.

மிராசுதார்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். நிலம் திருவாரூர்ப் பக்கம், மன்னார்குடிப் பக்கம் கிடக்கும். ஆண்டை மயிலாப்பூரிலோ கும்பகோணத்திலோ இருப்பார். வரப்பு எது வாய்க்கால் எது என்று அவருக்குத் தெரியாது. ஊரில் காரியஸ்தர் இருந்தார், ஏஜெண்டு இருந்தார். மடத்து நிலத்துக்கும் கோயில் நிலத்துக்கும் இதே ஏற்பாடுதான். நம்ம பாட்டன்மார் முதுகில் விழுந்த சவுக்கைப் பிடித்திருந்த கை ஏஜெண்டுடையது, சவுக்கு ஆண்டையுடையது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் எழுத வேண்டி வந்ததே, அதற்கு முன்னாடி எந்த மிராசுதாராவது நான் அடித்தேன் என்று சொன்னதுண்டா? காரியக்காரன் கொஞ்சம் கோபக்காரன் என்பார்கள். அவ்வளவுதான்.

அவர்கள் பவர் கொடுத்த முறையை மட்டும் கவனியுங்கள். தனக்குப் பயப்படுகிறவனுக்குத்தான் கொடுத்தார்கள். கணக்கு ஒப்படைக்க வேண்டியவனுக்குக் கொடுத்தார்கள். ஒரு கலம் நெல் குறைந்தால் மறுநாளே வேலையிலிருந்து தூக்கக்கூடியவனுக்குக் கொடுத்தார்கள். நாம் கொடுப்பது தலைகீழ். நாம் யாருக்குப் பயப்படுகிறோமோ அவனுக்குக் கொடுக்கிறோம். யாரிடம் கணக்குக் கேட்க வாய் வராதோ அவனுக்குக் கொடுக்கிறோம்.

நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970இல் 15 என்று இறங்கியது. அப்போது நடந்த பினாமிக் கூத்தைப் பெரிசுங்க இன்னும் சொல்கிறார்கள். மச்சினன், மாமியார், பிறக்காத பேரன், வீட்டு வேலைக்காரன், கடைசியில் பண்ணையாள் பேரில்கூட நிலம். பட்டா நம்ம ஆளு பேர்ல, பவரு ஆண்டை பீரோவுல. பேப்பரில் 5 ஏக்கர் பட்டாதாரன், வயலில் அரைப்படிக் கூலிக்கு நின்றான். நிலம் வைத்திருப்பது என்பதும் நிலத்தின் மேல் அதிகாரம் வைத்திருப்பது என்பதும் வேறு வேறு என்று அந்தத் தலைமுறை உடம்பால் தெரிந்துகொண்டது.

இந்த இடத்தில் வெண்மணியைச் சொல்லாமல் போக முடியாது. 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூடுதல் கூலிக்காகவும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்காகவும், ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்ற சிலருக்கும் பத்தாண்டுத் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். இவ்வளவு பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்துபோய்க் கொளுத்தியிருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம், பின்னால் இருந்துகொண்டு வேலையாட்களை அனுப்பியிருப்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம், என்ற பொருளில் எழுதினார்கள்.

இப்போது ஒப்பந்தச் சட்டத்தை எடுங்கள். 1872ஆம் வருசத்துச் சட்டம். 226ஆம் பிரிவு. முகவர் மூலம் செய்த ஒப்பந்தமும் முகவரின் செயலால் வரும் கடப்பாடும் முதலாளி நேரில் செய்தது போலவே அவரைக் கட்டும். அத்தை நேரில் விற்கவில்லை, முகவர் விற்றார், ஆனால் அத்தை விற்றதாகத்தான் சட்டம் பார்க்கும். ஆண்டை நேரில் கொளுத்தியிருக்க மாட்டார், ஆளைத்தான் அனுப்பியிருப்பார், ஆகவே போய் வாருங்கள். கிரிமினல் சட்டம் வேறு, ஒப்பந்தச் சட்டம் வேறு என்று சட்டக் கல்லூரித் தம்பிகள் எனக்குப் பாடம் எடுப்பார்கள். தெரியும் தம்பி. எந்தச் சட்டம் எந்த நாளில் யார் வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

நம்ம கைக்கு மண் வந்த வரலாறு ரொம்பச் சின்னது. 1971ஆம் வருசக் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் பண்ணை மனையில் குடிசை போட்டிருந்தவனுக்கு அந்த மனை சொந்தம் என்றாச்சு. அதுக்கு முன்னாடி, கொடி பிடித்தால் முதலில் பிரிப்பது கூரையைத்தான். உச்சவரம்பு மிச்ச நிலம் கொஞ்சம். வெண்மணிக்குப் பிறகு இங்கே வந்து தங்கிய கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் லாஃப்டியைத் தொடங்கி, மிராசுதார்களிடமிருந்து வாங்கிப் பெண்கள் பேரில் எழுதிக்கொடுத்த நிலம் கொஞ்சம். ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனைப்பட்டா. சர்க்கார் ஒப்படை செய்ததில் பெரும்பாலானதற்கு நிபந்தனை உண்டு. இஷ்டப்படி விற்க முடியாது.

விற்க முடியாது என்ற இடத்தில்தான் பவர் உள்ளே வருகிறது. இதை முழுசாகப் பார்க்க செங்கல்பட்டுப் பக்கம் போக வேண்டும். டெல்டாவில் மிராசு ஆதிக்கம், அங்கேதான் பஞ்சமி நிலம். கலெக்டர் டிரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வெள்ளைக்கார அரசு நம்ம மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. இவ்வளவு கெட்டியாகக் கட்டிய வேலி எப்படிப் போச்சு? அடித்துப் பிடுங்கியது ஒரு பங்கு. பேப்பரில் பிடுங்கியது பெரும்பங்கு. கிரயம் பதிவாகாது என்றால் ஒரு பவர், ஒரு விற்பனை ஒப்பந்தம், சுவாதீனம் ஒப்படைத்த கடிதம், அதோடு ஒரு உயில். நாலு பேப்பர் சேர்ந்தால் ஒரு கிரயம். மீட்கப் போன இடத்தில் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரை இழந்தோம். காரணை அம்பேத்கர் சிலைப் போராட்டம் என்று நினைக்கிற மாணவர்கள் அதன் அடியில் கிடக்கிற நிலத்தையும் பாருங்கள்.

இந்த நாலு பேப்பர் வித்தை கிரயம் ஆகாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. பவரும் ஒப்பந்தமும் உயிலும் சேர்ந்தாலும் சொத்துரிமை மாறாது. தமிழ்நாட்டில் 2012ஆம் வருசத் திருத்தத்துக்குப் பிறகு அசையாச் சொத்து சம்பந்தமான பவரைப் பதிவு செய்தே ஆகணும். நல்லதுதான். ஆனால் ஏமாந்துவிடாதீர்கள். பவர் கிரயம் ஆகாது என்பது வேறு, பவர் வைத்திருக்கிறவன் எழுதுகிற கிரயம் கிரயமாகும் என்பது வேறு. அத்தை விசயத்தில் நடந்தது இரண்டாவது. முகவர் தன் சொந்தக்காரர் பேருக்கே பதிந்துவிட்டார். ஒப்படை நிபந்தனையை வைத்துத்தான் இப்போது வழக்கு நடக்குது.

சரி, யாருக்கும் பவரே கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போகலாமா? முடியாது. நம்ம பையன் துபாயில் கட்டட வேலையில் இருக்கிறான், இன்னொருத்தன் திருப்பூரில் இருக்கிறான். இங்கே பட்டா மாற்றணும், தாலுகா ஆபீசில் நிற்கணும், கோர்ட்டில் வாய்தாவுக்குப் போகணும். ஆயாவுக்கு மூட்டுவலி, பஸ் ஏற முடியாது. யாராவது ஒருத்தர் நமக்காக நிற்கத்தான் வேணும்.

கடன் கொடுத்தவனுக்குக் கொடுக்காதே. இதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் டெல்டாவில் பவர் போவது பெரும்பாலும் அந்த வழியில்தான். கடனுக்குப் பத்திரம் வேணும் என்றால் கடன் பத்திரம் எழுது. அதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது. சாதாரணப் பவரை நினைத்த நாளில் ரத்து செய்யலாம், கொடுத்தவர் செத்தால் அதுவும் செத்தது. ஆனால் முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருப்பதாக எழுதிவிட்டால், அவர் பங்குக்குக் கேடு வரும்படி ரத்து செய்ய விடாது 202ஆம் பிரிவு. கொடுத்தவர் செத்தாலும் அது சாகாது. தொகை பெற்றுக்கொண்டேன், இந்தப் பவரை ரத்து செய்யமாட்டேன் என்று நடுப்பக்கத்தில் ஒரு வரி நுழையும். நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள அந்த வரியைத்தான் காட்டுவான். அந்த வரி இருந்தால் எழுந்து வந்துவிடு. டீக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா.

பொதுப் பவர் என்றால் எல்லாத்துக்கும். எதற்கு எல்லாத்துக்கும்? பட்டா மாற்றவா, அதை மட்டும் எழுது. வழக்கு நடத்தவா, இந்தக் கோர்ட்டில் இந்த நம்பர் வழக்கு என்று எழுது. விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரமில்லை என்று வாய்விட்டு எழுது. பதிலி முகவர் என்ற வார்த்தையை அடி. நீ நம்பிக் கொடுத்தது முருகனுக்கு, அவன் முனியனுக்குக் கொடுப்பான், முனியன் முகத்தை நீ பார்த்ததே இல்லை.

அடுத்தது நம்ம ஆளு. இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது. நம்ம சாதிக்காரன், நம்ம கட்சி, வெள்ளைச் சட்டை, வண்டியில் கொடி. அண்ணன் பார்த்துக்குவார் என்று கொடுக்கிறோம். கடற்கரைப் பக்கம் 90களில் இறால் பண்ணைக்காரன் வந்தபோது புரோக்கர் வேலை பார்த்ததில் நம்ம ஆளுங்களும் இருந்தார்கள், மறைப்பானேன். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உப்பேறிய நிலம் தீர்ப்பைக் கேட்டுத் திருந்தவில்லை. நம்ம ஆளு என்பது ஒரு தகுதிதான், அது மட்டுமே தகுதி இல்லை. முகவர் கணக்குக் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நீ கேட்டால் அண்ணன் கணக்குக் காட்டுவாரா, இல்லை எங்கிட்டயே கணக்கா என்று முறைப்பாரா? முறைக்கிறவர் நல்ல தலைவராகக்கூட இருக்கட்டும், முகவர் ஆக முடியாது.

வீட்டுக்குள்ளே வா. நிலம் அவள் பேரில், பவர் புருசன் பேரில். பெண்கள் பேரில் நிலம் எழுதியதே சாராயக் கடைக்கும் வட்டிக்கடைக்கும் போகக் கூடாது என்றுதான். பட்டாவை அவளுக்குக் கொடுத்துவிட்டு அதிகாரத்தை அவனுக்கு மாற்றினால் ஆண்டை செய்த பினாமிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தோழர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அவளுக்கு நேரில் போக முடியவில்லை என்றால் அக்காளோ மகளோ போகட்டும். படித்த மகளுக்குப் பவர் கொடுத்த குடும்பம் எங்க ஊரில் இரண்டு இருக்கிறது. தாலுகா ஆபீசில் அந்தப் பிள்ளைகள் பேசுகிற பேச்சைக் கேட்க நான் வேலை இல்லாமலே போயிருக்கிறேன்.

ரத்து செய்வது பற்றி. பேப்பரைக் கிழித்தால் ரத்து ஆகாது. ரத்துப் பத்திரம் பதியணும், முகவருக்கு அஞ்சலில் தெரிவிக்கணும், முடிந்தால் பேப்பரில் விளம்பரம் கொடுக்கணும். ரத்தானது தெரியாமல் ஒருத்தன் வாங்கிவிட்டால் அவனை அசைப்பது கஷ்டம். வெளிநாட்டில் எழுதுகிறவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தைச் சான்று வாங்கி அனுப்பணும். இங்கே வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டணும். இன்னொன்று, கிழவன் கிழவிக்கு நினைவு தப்பினால் நம்ம சட்டத்தில் சாதாரணப் பவரும் அன்றோடு போச்சு. இங்கிலாந்தில் அதற்குப் பிறகும் செல்லுகிற மாதிரி ஒரு பவர் உண்டு, இங்கே இல்லை. கடைசிக் காலத்தில் பார்த்துக்கறேன் ஆயா என்று சொல்லி ரேகை வாங்குகிறவன் எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறான் என்று விளங்குதா?

மிரட்டி வாங்கியதற்கு வழி உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது, 2015இல் திருத்தினார்கள். சாவுக்கோ காயத்துக்கோ பயந்து கொடுத்த சம்மதம் சம்மதமே இல்லை, நில ஆவணத்தைப் புனைந்து நிலத்தை எடுத்தாலும் குற்றம். அத்தை கேஸில் இதைச் சொன்னபோது மிரட்டினாங்களா என்று கேட்டார்கள். இல்லை, டீ வாங்கிக் குடுத்தாங்க என்று அத்தை உண்மையைச் சொல்லிடுச்சு.

இந்தக் கதை வயலோடு நிற்கவில்லை. 1932 செப்டம்பர் 24, எரவாடா. நமக்கான முகவரை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை அம்பேத்கர் வென்று கொண்டுவந்தார். உண்ணாவிரதம் அதைத் திருப்பி வாங்கியது. இடங்கள் கூடின. ஆனால் முகவர் நம்ம சாதி, அவரைக் கடைசியாகத் தேர்ந்தெடுப்பது ஊர் என்றாகியது. எந்தப் பத்திர ஆபீசில் இப்படி ஒரு பவரைப் பதிவார்கள், உனக்கான முகவரை உன் எதிராளி நியமிப்பான் என்று? 1996 பஞ்சாயத்துத் தேர்தலில் தனித் தொகுதித் தலைவர் நாற்காலி வந்தது. கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுச் செக் புத்தகத்தைப் பெரிய வீட்டில் கொடுத்தவர் பிழைத்தார். கொடுக்க மாட்டேன் என்ற மேலவளவு முருகேசனை 1997 ஜூன் 30இல் ஐந்து பேரோடு வெட்டினார்கள். நமக்குப் பதவி கொடுத்தாலும் பவரை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளத்தான் பார்க்கிறார்கள்.

மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் தகரப் பெட்டியில், கூரை இடுக்கில், சாமி படத்துக்குப் பின்னால் என்ன பேப்பர் இருக்கிறது என்று பாருங்கள். சர்வே நம்பரை எடுத்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள், இப்போது கைப்பேசியிலேயே பார்க்கலாம். எங்க காலனியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத் திண்ணையில் இதற்காக உட்காருகிறோம். யாராவது ஒரு பேப்பர் கொண்டுவந்தால் ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிக்கிறது, அவ்வளவுதான் வேலை.

போன மாதம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருத்தன் வந்தான். துபாய்க்கு விசா வந்துவிட்டது, போவதற்கு முன் பவர் எழுதணும், மாமா பேருக்கு. டைப் அடித்த தாள் கையோடு இருந்தது. வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்தில் இருக்கும்போது சுவரோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தை தலை தூக்காமல் கேட்டுச்சு: "தம்பி, உங்க மாமன் யாருகிட்ட கடன் வாங்கியிருக்கான்?"

பையன் கொஞ்ச நேரம் நின்றான். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டுட்டு வரேன் ஆயா என்று சைக்கிளை எடுத்தான்.